நடுங்காத கை

பிரோஷ்காவின் கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதையை மித்ரா பல வருடங்களாக நம்பவில்லை.

கதை சின்னதுதான். ஹங்கேரிக்காரரான பிரோஷ்கா, இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலையில் சர்வீஸ் போட வந்து நின்றார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் இருந்ததாம். பந்து போனது. எதிராளியால் தொடக்கூட முடியவில்லை. பிரோஷ்கா மட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். அதன் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. பயத்தையே ஜெயித்தவருக்கு இனி ஜெயிக்க என்ன இருக்கிறது என்று டென்னிஸ்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு கை யாருக்கும் இருக்க முடியாது என்பது மித்ராவின் எண்ணம். ஆனாலும் திண்டுக்கல்லிலிருந்து ஹங்கேரிவரை அத்தனை தூரம் அவரிடம் பயிற்சி பெறத்தான் வந்திருந்தாள்.

பயிற்சியில் அவள் கை ஒழுங்காக இருக்கும். போட்டி என்று வந்துவிட்டால், பந்தை மேலே தூக்கிப் போடும் இடது கை நடுங்க ஆரம்பித்துவிடும். பந்து கோணலாக எழும்பும். முதல் சர்வீஸ் வலையில் விழும், அடுத்தது கோட்டுக்கு வெளியே போகும். ஊர் ஊராகப் போய் இப்படியே தோற்றிருந்தாள். நாளைக்கு ஒரு தகுதிச் சுற்று. அதிலும் கை நடுங்கினால் மட்டையை யாருக்காவது கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். அதை நினைத்து இன்று காலையிலிருந்தே அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“கோச், போட்டி ஆபீசில் சொல்லிவிடுங்கள். தோள் வலி. நாளைக்கு என்னால் ஆட முடியாது.”

பிரோஷ்கா சூரியகாந்தி விதை ஒன்றைப் பல்லால் உடைத்துத் தோலைத் துப்பினார். மித்ராவைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர்.

“சொல்கிறேன். ஆனால் அங்கே யாராவது கேட்டால் வலது தோளைப் பிடித்துக்கொள், நீ அடிப்பது அந்தக் கையால். இப்போது நீ பிடித்திருப்பது இடது.”

மித்ரா கையை எடுத்து ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“ஆபீஸ் மூட நேரம் இருக்கிறது. மட்டையை எடுத்துக்கொண்டு வா.”

ஆற்றங்கரையில் இருந்தது அந்தச் செம்மண் மைதானம். ஆற்றிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. பிரோஷ்கா நடுவர் உட்காரும் உயர நாற்காலியில் ஏறி, விதைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இரு. கையின் நடுக்கம் நின்றதும் சர்வீஸ் போடு.”

“நிற்காவிட்டால்?”

“என்னிடம் விதை நிறைய இருக்கிறது.”

மித்ரா தட்டினாள். நடுக்கம் நிற்கவில்லை. மூச்சை இழுத்து விட்டாள், அம்மாவை நினைத்தாள், ஒன்றுமே நினைக்காமல் இருந்து பார்த்தாள். நிற்கவில்லை. எதிர்ப்புறக் கோடு பனியில் மறைந்தது. பிறகு வலையும் மறைந்தது. அந்தப் பக்கம் யாரோ மட்டையோடு குனிந்து தனக்காகக் காத்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அங்கே யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. பந்தின் சத்தம், மேலே விதை உடைபடும் சத்தம், அவ்வளவுதான்.

“கோச்.”

விதை உடைபடும் சத்தம்தான் கேட்டது.

“கோச், இருக்கிறீர்களா?”

விதை உடைபடும் சத்தம்கூட நின்றுவிட்டது.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. நடுங்கும் கையாலேயே பந்தைத் தூக்கிப் போட்டு, இருந்த பயத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். பந்து பனிக்குள் போனது. எங்கோ ‘டக்’கென்று ஒரு சத்தம்.

“கோடு,” என்றார் மேலே இருந்தவர். “கோட்டு நாடாவில் பட்டிருக்கிறது, உள்ளேதான். மண்ணில் விழுந்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். கையின் நடுக்கம் நின்றதா?”

“இல்லை.”

“ம்.”

“நாளைக்கும் நடுங்கும், கோச்.”

“நடுங்கும்.”

“உங்களுக்கு?”

“ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் வாந்தி எடுப்பேன். கோப்பைகள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று மறந்துவிட்டது. எந்த ஊர் அரங்கத்தில் கழிவறை எங்கே என்று கேள், இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.”

மித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். உடனே கோபமும் வந்தது.

“அப்படியானால் அந்தக் கடைசி ஆட்டக் கதை பொய். எனக்கு எப்போதோ தெரியும்.”

பிரோஷ்கா நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். மடியிலிருந்த தோல்களைத் தட்டிவிட்டார்.

“அது நிஜம்தான். அன்றைக்குக் காலையில் வாந்தி வரவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். கை அசையவே இல்லை. பந்து போனது, ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டு நின்றேன்.”

மித்ரா அவர் முகத்தைப் பார்த்தாள். பனியில் சரியாகத் தெரியவில்லை. இத்தனை வருடங்களாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

“கடைசியில் நடுக்கம் நின்றுவிட்டதே, கோச். பிறகு ஏன் ஆட்டத்தை விட்டீர்கள்?”

“அதனால்தான்.”

பிரோஷ்கா குனிந்து இன்னொரு பந்தை எடுத்தார். மித்ரா அதை வாங்க இடது கையை நீட்டினாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.