கடைசி வரியில் ஒரு பெயர்

மடத்தின் ஓலைச்சுவடிகளைக் கணினியில் ஏற்றும் அறைக்கு உமையாள் பொறுப்பு. வயது முப்பத்தாறு. அவளிடம் கணினிப் பாடம் கேட்க வந்த கயிலாயத்துக்கு ஐம்பத்தொன்பது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கேள்வி கேட்டே பழகியவர் என்பதால், தனக்குத் தெரியாததைக் கேட்க அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

அன்று தட்டச்சுப் பலகையிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல நீக்குறதுக்கும் அழிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

உமையாள் எழுந்துபோய் நூலகப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். அதில் ஒரு சுவடியின் பெயரும் அலமாரி எண்ணும் இருந்தன. அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இப்ப அந்தச் சுவடி இருக்கா, இல்லையா?"

"அலமாரியில இருக்கும். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்."

"நீக்குறது அதுதான். மெஷின் பேரை மட்டும் எடுத்துட்டு, இந்த இடம் காலின்னு குறிச்சுக்கும். எழுதினது அங்கேயே கிடக்கும்."

"அப்ப எப்பதான் அழியும்?"

"அந்த இடத்துல வேற எதையாவது எழுதும்போது."

கயிலாயத்தின் முகம் வெளிறியது.

"எதை நீக்கினீங்க?"

"வடிவாம்பாள் எழுதினதை."

வடிவாம்பாள் அதே அறையில் வேலை செய்தவள். பூச்சி அரித்த ஏடு ஒன்றை இரண்டு வருடம் எழுத்தெழுத்தாகப் படித்து ஏற்றினாள். எழுதி முடித்தவர் கடைசி வரியில் தன் பெயரைப் போடுவது ஏட்டு வழக்கம், அவளும் போட்டிருந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று இப்போது ஊருக்குப் போயிருக்கிறாள். கயிலாயம் அதைப் படியெடுத்து, கடைசி வரியில் தன் பெயரைப் போட்டு, அவளுடைய கோப்பை நீக்கிவிட்டார். நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

"வெக்கமா இருக்கும்மா. காப்பியடிச்ச பசங்களை முப்பது வருஷம் வெளியில நிறுத்தினவன் நான்."

உமையாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"அதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"மேல எதுவும் எழுதாம இருந்தா எடுக்கலாம். காலையிலேருந்து இந்த மெஷின்லதானே ஏதோ அடிச்சுக்கிட்டிருக்கீங்க, என்ன அது?"

கயிலாயம் திரையைப் பார்த்தார்.

"முன்னுரை," என்றார். "இந்த ஏட்டுக்கு நான் பட்ட பாட்டைப் பத்தி."

"முதல்ல கையை எடுங்க, ஐயா."