காந்தத்தில் ஒட்டியது

கதைகளில் வருகிற குருவுக்குத் தாடி நரைத்திருக்கும், சீடனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருக்கும். இந்தக் கதையில் எல்லாம் தலைகீழ். குரு சுகன்யாவுக்கு முப்பத்துநான்கு வயது. உடுமலைப்பேட்டையில் கார் பட்டறை வைத்திருப்பவர். சீடர் சுந்தரவடிவேலுக்கு அறுபத்தொன்று. அரசு ஆஸ்பத்திரி லேப்பில் முப்பது வருடம் ஊராரின் ரத்தத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓய்வு பெற்றவர்.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் பட்டறை வாசலில் போய் நின்றார்.

"தொழில் கத்துக் குடுப்பீங்களா?"

"கை கறுப்பாகும் சார். பரவாயில்லீங்களா?" என்றார் சுகன்யா.

அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெண் 'குருவம்மா'. ஊர் சிரித்தது. ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை. சீடரிடம் ஒரே ஒரு குறைதான், அழுக்கை அரை நிமிடம் பொறுக்க மாட்டார். ஸ்பேனரைக்கூட லேப்பில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற மாதிரி கழுவித்தான் அடுக்குவார்.

தை மாதம் அவர் வீட்டுக் காருக்கே சீக்கு வந்தது. கார் என்றால் அவருடையது அல்ல, மனைவி கமலவேணியுடையது. சின்ன வயதில் வந்த போலியோவால் கமலவேணிக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. அதனால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார். மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. பஸ் போகாத ஊர். தினமும் இருபத்திரண்டு கிலோமீட்டர் தானே ஓட்டிப் போவார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அந்தக் கார் மூன்றாவது கியருக்கு மாறும்போதெல்லாம் உலுக்க ஆரம்பித்தது. பள்ளிக்குப் போகிற வழியில் இருந்த வேறொரு பட்டறைக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் முடிஞ்சுதுங்க. வித்துப்போடுங்க" என்று கையை உதறிவிட்டார். புதுக் கார் வாங்குகிற நிலையில் அவர்கள் இல்லை.

கமலவேணி அழவில்லை. "வண்டி போச்சுன்னா வேலையையும் விட்டர்றேன். விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்தாப் போச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு இட்லிக்கு அரைக்கப் போனார். அந்த அமைதிதான் சுந்தரவடிவேலைப் போட்டு வாட்டியது.

மறுநாள் குருவிடம் போனார். "கியர் பாக்ஸ் செத்துருச்சா, உசுரோட இருக்குதான்னு எப்படிங்க குருவம்மா தெரிஞ்சுக்கறது?"

"ஆயிலை மாத்துங்க. ஃபில்டரை மாத்துங்க. வீட்லயே நீங்களே பண்ணுங்க. கியர் பாக்ஸ் அடித்தட்டுக்குள்ள காந்தம் இருக்கும். அது சொல்லும்."

"என்ன சொல்லும்?"

"தட்டை இறக்கினதும் போன் பண்ணுங்க. வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை ஒரு சுற்று ஓட்டி எண்ணெயைச் சூடாக்கினார். ஜாக்கியில் தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, அடியில் பாய் விரித்துப் படுத்தார். தட்டின் போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்த, தட்டு சாய்ந்து எண்ணெய் வழிந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது. மனசு அப்போதே பாதி விட்டுப்போனது.

தட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். உள்ளே இரண்டு வட்டக் காந்தங்கள் இருந்தன. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்து, முடி மாதிரி சிலிர்த்து நின்றது.

எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். கமலவேணி நாளைக்குப் பள்ளிக்கு எடுத்துப் போகிற பையை அடுக்கிக்கொண்டிருந்தார். சுந்தரவடிவேல் கையில் ஒரு துணி அகப்பட்டது. காந்தத்தைத் துடைத்தார். தட்டைத் துடைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றி இன்னொரு முறை கழுவினார். துணியைக் குப்பைக்கூடையில் போட்டார். அதற்கப்புறம்தான் போன் செய்தார்.

சுகன்யா மொபெட்டில் வந்து இறங்கினார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். சீர்வரிசைத் தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

"காந்தத்துல என்னங்க சார் இருந்துச்சு?"

"சாம்பலாட்டம் என்னமோ."

"எங்க அது?"

"தொடச்சுட்டனுங்க."

சுகன்யா தட்டைக் கீழே வைத்தார். "லேப்ல ரத்தம் புடிச்ச குழாயை, பாக்கறதுக்கு முன்னாலயே கழுவிருவீங்களா?"

"கழுவ மாட்டோம்."

"அப்புறம் ஏனுங்க இதை மட்டும்?"

"அழுக்கா இருந்துச்சு."

"சுத்தத்துக்குத் தொடச்சீங்களா, பயந்துட்டுத் தொடச்சீங்களா?"

"லேப்ல சில பேரு ரிப்போர்ட்டை வாங்குவாங்க குருவம்மா. பிரிக்காமயே மடிச்சுச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுட்டுப் போயிருவாங்க. படிச்சுப் பாருங்கன்னு அவங்களையெல்லாம் நான் சத்தம் போட்டிருக்கேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு துண்டு இருந்தது. "அம்மணி, உன்ற சீடர் பண்ணின வேலையைப் பாரு. என்ற பூத்துண்டை எடுத்துத் தொடச்சுக் குப்பையில போட்டிருக்கறாரு. கேக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

சுகன்யா சிரித்துவிட்டார். "குடுங்க டீச்சர். அதைத்தான் தேடறோம்."

துண்டை விரித்தார். நீலப் பூக்களின் மேல் சாம்பல் அப்பியிருந்தது. அதில் கொஞ்சம் வழித்தெடுத்தார்.

"கையை நீட்டுங்க சார்."

அவர் நீட்டவில்லை.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா?" என்றார் கமலவேணி. "என்ற கையில வையு, அம்மணி. வண்டி என்னுது."

வைத்தார். "விரலுக்கு நடுவுல வெச்சுத் தேயுங்க டீச்சர்."

கமலவேணி தேய்த்தார். சுந்தரவடிவேல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயாச்சும் குத்துதுங்களா?"

"இல்லையே. திருநீறாட்டம் மெத்துன்னு இருக்குது."

"இப்ப நீங்க சார்."

இந்த முறை கையை நீட்டினார். தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். ஒரு துளிகூடக் குத்தவில்லை.

"குத்தியிருந்தா?"

"இரும்புச் சில்லுன்னு அர்த்தம். உள்ள பல்லு உடைஞ்சிருக்கும். இது வெறும் தேய்மானத் தூள், வண்டி ஓடினா வர்றதுதான். கியர் பாக்ஸ் நல்லா இருக்குது. ஆயில்தான் கெட்டுப்போய் ஃபில்டரை அடைச்சிருக்குது."

சுந்தரவடிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கண் கலங்கியது. சாம்பல் கையால் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. சுத்தக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. கமலவேணி மட்டும் கவனித்தார்.

சுந்தரவடிவேலே புது ஃபில்டரை ஏற்றினார். புது கேஸ்கெட் வைத்து, தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினார். வடிந்த எண்ணெயை முன்பே அளந்து குறித்திருந்தார்; அதில் மட்டும் லேப் புத்தி தவறவில்லை. அதே அளவு புது எண்ணெயை ஊற்றினார். இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு இடமாகத் தள்ளி, அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தார். சுகன்யா எதையும் தொடவில்லை. மோர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலவேணி ஏறி உட்கார்ந்து தாராபுரம் ரோடு வரை ஓட்டிப் போனார். வாசலில் இரண்டு பேரும் காத்து நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து வண்டி திரும்பியது. கண்ணாடியை இறக்கி, "மூணாவது எப்ப விழுந்துச்சுன்னே தெரியலீங்க" என்றார் கமலவேணி. முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு வெள்ளனே கிளம்போணும். பிள்ளைங்களுக்குப் பரீட்சை."

சுகன்யா மொபெட்டைத் திருப்பினார். சீடர் பின்னாலேயே வந்தார். சந்தோஷம் வந்த இடத்திலேயே கவலையும் வந்துவிட்டது அவருக்கு. கழுவி வைத்த பூத்துண்டில் இன்னும் போகாமல் இருந்த கறையைக் காட்டினார்.

"குருவம்மா, இந்தச் சாம்பல் இனிமே கொஞ்சம்கூடச் சேராம இருக்க என்ன பண்ணோணும்?"

சுகன்யா திரும்பி, காரிலிருந்து காலை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்த கமலவேணியைப் பார்த்தார்.

"வண்டிய எடுக்காம, மூடி போட்டு வீட்லயே நிறுத்தி வெச்சுருங்க சார்" என்றார்.