எல்லாம் அடக்கம் என்ற நரி

ஒரு காட்டில் ஒரு கல்யாணம். சாப்பாடு தயார். பசியும் தயார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூட இலையில் உட்காரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பெண்ணைப் பெற்றவன் சடையன் என்ற கரடி. நல்லவன்தான். ஆனால் சோம்பேறி. காலடியில் பழம் விழுந்தாலும், அது வாய்க்குள் விழவில்லையே என்று வருத்தப்படுவான். அவனுக்கு ஒரு தேன்பாறை சொந்தம். பாறை முழுக்கக் கூடு. ஊரே பொறாமைப்படும் சொத்து.

கல்யாணம் நிச்சயமான மறுநாளே நரி வந்தது. விருந்துக் கான்ட்ராக்ட் எடுக்கிற நரி.

"சடையண்ணே, சமையல் மட்டும் போதும் என்றால் பாதிப் பாறைத் தேன். எல்லாம் அடக்கம் என்றால் முழுப் பாறை" என்றது.

"எல்லாம் என்றால்?"

"பந்தல், சமையல், இலை போடுவது, பரிமாறுவது, வருகிறவர்களை வாருங்கள் என்பது, சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பது. எல்லாம் என் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்."

உட்கார்ந்திருக்கலாம் என்ற சொல் சடையன் காதில் தேனாகப் பாய்ந்தது.

அவன் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. "சமையலை மட்டும் விடுவோம். மற்றதை நாம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அக்கா இருக்கிறாளே" என்றாள்.

"அதற்காகத்தான் முழுப் பாறையும் கொடுக்கிறேன்" என்றான் சடையன்.

அவனுடைய அக்கா மூக்காயி பெரிய வாயாடி. போன கல்யாணத்தில் பாயசத்துக்கு இனிப்புப் போதாது என்று சமையற்காரன் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கியவள். அவள் பேசினால் அடுத்த மலையில் எதிரொலிக்கும்.

சடையன் அவளைப் போய்ப் பார்த்தான். "அக்கா, நீ விருந்தாளியாக மட்டும் வா. ஒரு துரும்பையும் எடுத்துப் போடாதே. இந்தக் கல்யாணமாவது சத்தமில்லாமல் நடக்கட்டும்."

"அப்படியா? சரி" என்றாள் மூக்காயி.

அவள் இரண்டே சொல்லில் நிறுத்தியபோதே சடையன் பயந்திருக்க வேண்டும். அவனோ சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்கினான்.

கல்யாண நாளும் வந்தது. நரியைக் குறை சொல்ல முடியாது. தேக்கிலையில் தினைப் பொங்கல், வள்ளிக்கிழங்கு மசியல், கறையான் பொரியல், ஈசல் வறுவல், இலுப்பைப்பூப் பாயசம். பரிமாறக் குரங்குகள். வாசலில் வரவேற்கக் கிளிகள். வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது.

அழைப்பதற்கென்று கிளிகளுக்கு நரி ஒரே வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தது. "வாருங்கள், சாப்பிடுங்கள்."

வந்தவர்களிடம் அதைச் சொல்லின. சாப்பிட்டுக் கை கழுவிய முயலிடமும் சொல்லின. வயிற்றைத் தடவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய மானிடமும் சொல்லின.

"இப்போதுதானே சாப்பிட்டேன்" என்றது மான்.

"வாருங்கள், சாப்பிடுங்கள்" என்றது கிளி.

அடுத்த மலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கரடிகள் வந்து பந்தலின் ஓரமாக நின்றன. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தி வீட்டாரைப் பெண் வீட்டார் நேரில் வந்து கும்பிட்டுப் பந்திக்கு அழைக்க வேண்டும். காலைப் பந்திக்குப் பிறகுதான் தாலி. அழைக்காத பந்தியில் கை நனைத்தால் அடுத்த மலையில் தலைகாட்ட முடியாது.

ஒரு கிளி பறந்து வந்து மாப்பிள்ளையின் அப்பா முன்னால் உட்கார்ந்தது. "வாருங்கள், சாப்பிடுங்கள்."

அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரம்மா? பெண்ணுக்கு என்ன முறை?"

"முறையெல்லாம் இல்லை. நரி அனுப்பினார்."

"நரி யார்? பெண்ணுக்குச் சித்தப்பாவா?"

கிளிக்கு அதற்கு மேல் தெரியாது. "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்றது மறுபடியும்.

"மூட்டையைக் கட்டுங்கள். கூலிக்கு ஆள் வைத்துக் கூப்பிடுகிற வீட்டில் நமக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்றார் அவர். மாப்பிள்ளைக் கரடி பாயச வாளியை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு மூட்டையைத் தூக்கியது.

சடையன் மாலையும் கழுத்துமாக மேடைக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மனைவி வந்து உலுக்கினாள். "சம்பந்தி வீட்டார் கிளம்புகிறார்கள். பெண் மணவறையில் அழுகிறாள். நன்றாகத் தூங்குங்கள்."

சடையன் எழுந்து நரியிடம் ஓடினான். "என்னப்பா இது? அவர்களைக் கூப்பிடவில்லையா?"

"கூப்பிட்டாயிற்றே. இரண்டு தடவை" என்றது நரி. "வேண்டுமானால் இன்னும் நாலு கிளி அனுப்புகிறேன். அதற்குத் தனி ரேட்."

சடையன் திரும்பிப் பார்த்தான். பந்தலின் கடைசியில் மூக்காயி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை.

"அக்கா" என்றான்.

"நான் விருந்தாளி. துரும்பை எடுத்துப் போடக் கூடாதாம்."

"மானம் போகிறது, அக்கா."

"யார் மானம்? நரியுடையதா?"

"என்னுடையது."

"அப்படியானால் நீ போய்க் கூப்பிடு."

"எனக்குப் பேச வராதே."

மூக்காயி மணவறையைப் பார்த்தாள். தம்பி மகள் மாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்காயி எழுந்தாள்.

"நட. நீ முன்னால் போ. பேச வராவிட்டால் கும்பிடு. பேச நான் இருக்கிறேன்."

சம்பந்தி வீட்டார் பந்தலைத் தாண்டிவிட்டார்கள். மூக்காயி குரல் கொடுத்தாள். குரங்குகள் வாளியைக் கீழே வைத்துவிட்டன.

"என்ன சம்பந்தி, கிளம்பியாச்சா? நல்லது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு போனால் ஊரில் எங்களைத் தெம்பாகத் திட்ட முடியுமா?"

மாப்பிள்ளையின் அப்பா திரும்பினார். "எங்களை யாரும் அழைக்கவில்லை."

"அழைக்கவில்லைதான். தப்பு எங்களுடையது. நான் பெண்ணுக்கு அத்தை, கூலிக்கு வந்தவள் இல்லை. இதோ, பெண்ணைப் பெற்றவன் குனிந்து கும்பிடுகிறான். இவன் குனிந்து நான் பார்த்ததே இல்லை, தொப்பை விடாது. சீக்கிரம் வாருங்கள், அப்படியே மாட்டிக்கொள்ளப் போகிறான்."

சடையன் உண்மையிலேயே குனிந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சடையனின் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

"அத்தை கூப்பிட்ட பிறகு என்ன? உட்காருவோம்" என்றார். மாப்பிள்ளைதான் முதலில் உட்கார்ந்தது.

அதன் பிறகு பந்தியில் மூக்காயியின் சத்தம்தான். "ஏய் குரங்கே, சம்பந்தி இலையில் பொரியல் எங்கே? போதும் என்கிற வாயை நம்பாதே, இலையைப் பார். தம்பி, நீ ஏன் நிற்கிறாய்? பாயச வாளியைத் தூக்கு." சடையன் தூக்கினான். வாழ்நாளில் முதல் தடவை வேலை செய்து வேர்த்தான். இலை இலையாகப் போய்க் கேட்டு ஊற்றினான். அதில் அவனுக்கே ஒரு குஷி வந்துவிட்டது.

தாலி ஏறியது.

எல்லாம் முடிந்ததும் நரி வந்து நின்றது. "முழுப் பாறை" என்றது.

"பாதி" என்றாள் மூக்காயி.

"எல்லாம் அடக்கம் என்று பேச்சு, அக்கா."

"சம்பந்தியைக் கூப்பிட்டது யார்? நீயா?"

நரி வாலைப் பார்த்தது.

"சமைத்ததற்கு உள்ளதை எடுத்துக்கொள். பொரியல் நன்றாகவே இருந்தது. பாயசத்தில்தான் இனிப்புப் போதாது."

நரி பாதிக்குத் தலையாட்டியது. இரண்டடி போய்த் திரும்பி வந்து, "அக்கா, அடுத்த கல்யாணத்துக்கு உங்களையும் அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது.

மூக்காயி அகப்பையைத் தேடினாள். நரி ஓடிவிட்டது.

அந்தக் கல்யாணத்தை நடத்தியது யார் என்று அந்தக் காட்டில் இன்றைக்குக் கேட்டாலும் சடையன் என்று சொல்ல மாட்டார்கள். நரி என்றும் சொல்ல மாட்டார்கள். மூக்காயி என்பார்கள்.

நீதி: அடுப்பைக் கூலிக்கு விடலாம், அழைப்பைக் கூலிக்கு விடக் கூடாது.