மேல்பல்லுக்குக் கப்பல்

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. மேல்பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இரண்டும் ஒரே தலையில் குடியிருக்கின்றன என்பதைத் தவிர, பார்வை விஷயத்தில் அவற்றுக்குள் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. பல் போனவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணும் மங்குவது உண்மைதான். அதற்குப் பெயர் முதுமை.

வெண்மணல் நாட்டில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னவர்களையும் யாரும் நம்பவில்லை.

அது ஒரு தீவு. அங்கே கீழ்ப்பல் வலித்தால் உள்ளூர் மருத்துவரிடம் போவார்கள். மேல்பல் வலித்தால் கப்பலேறுவார்கள். கண்ணைத் தொடாமல் பல்லைத் தொடும் வித்தை கடல்தாண்டிய நாட்டுக்காரர்களுக்கு மட்டுமே தெரியும் என்பது அவர்கள் எண்ணம். கப்பலேற வசதியில்லாதவர்கள் கிராம்பைக் கடித்துக்கொண்டு அழுதார்கள்.

அந்நாட்டுப் பல் மருத்துவத்தின் வரலாறு சுருக்கமானது. முதலில் சந்தையில் ஒருவர் குறடோடு உட்கார்ந்திருந்தார். அலறல் வெளியே கேட்காமலிருக்கப் பக்கத்தில் ஒருவர் மேளம் அடித்தார். பிறகு மருத்துவமனை வந்தது. மேளக்காரருக்கு வேலை போயிற்று. பிறகு கல்லூரி வந்தது. அதில் படித்தவர்கள் கீழ்த்தாடையில் கெட்டிக்காரர்கள். மேல்தாடையைப் பொம்மையில் பார்த்திருந்தார்கள்.

அந்தக் கல்லூரியில்தான் டாக்டர் தையல்நாயகி ஒரு மேற்படிப்பைத் தொடங்கினார். கடல்தாண்டிப் படித்துத் திரும்பியவர் அவர். பல்லைப் பிடுங்காமல், வேருக்குள் புகுந்து சுத்தம் செய்து அடைத்துக் காப்பாற்றும் படிப்பு அது. சேர்ந்தவர் ஒருவர்தான். டாக்டர் அருளப்பன். மலையோர மருத்துவமனைகளில் பாதி ஆயுளைப் பல் பிடுங்கியே கழித்தவர். குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஞானக் கதைகளில் குருவுக்குத்தான் தாடி இருக்கும். இங்கே சீடருக்கு இருந்தது.

படிப்பு முடிந்தது. தேர்வு வந்தது.

தேர்வு நடத்தக் கடல்தாண்டி ஒரு பேராசிரியர் வந்து இறங்கினார். தையல்நாயகிக்கே பாடம் சொன்னவர். அருளப்பன் உயிருள்ள மனிதர் ஒருவரின் மேல் கடைவாய்ப் பல்லுக்கு பேராசிரியரின் கண்முன்னே வேர் சிகிச்சை செய்ய வேண்டும். தேறினால் நாட்டின் முதல் நிபுணர். அந்தப் பட்டத்துக்கு மகாராணி ஒப்புதல் தருவார், படிப்பு தொடரும். பேராசிரியர் திரும்பும் கப்பல் கிளம்புவதற்குள் தேர்வு நடக்காவிட்டால் படிப்பை மூடிவிட வேண்டியதுதான்.

மகாராணிக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. அவருக்கும் மேல்பல் வலி. அதே கப்பலில் அவருக்கும் அறை எடுத்திருந்தார்கள். சுகாதாரச் செயலாளர் கோதண்டம் கல்லூரிக்கு வந்து அரண்மனை சொன்னதைச் சொன்னார். முதலில் ஒரே ஒரு மேல்பல்லையாவது காப்பாற்றிக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்று மகாராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்.

மேல்பல்லுக்கு ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு மீன் வியாபாரி வந்தார். வாயைத் திறந்தார். கீழ்ப்பல். அவரை மேல்பல்லுக்குக் கேட்டபோது, வேண்டுமானால் கீழே இன்னொன்றும் தருகிறேன், மேலே மட்டும் கை வைக்காதீர்கள் என்று பேரம் பேசினார்.

மறுநாள் கப்பல். தேர்வறையில் நாற்காலி காலியாக இருந்தது. பேராசிரியர் சாளரத்தின் பக்கம் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அருளப்பன் குருவிடம் வந்தார்.

“மேடம், நானும் இந்தக் கப்பலிலேயே போகிறேன். அங்கே நோயாளிகள் கிடைப்பார்கள். அங்கேயே தேர்வு எழுதிவிட்டு வருகிறேன்.”

“வந்த பிறகு?”

“நிபுணர் என்று நம்புவார்கள்.”

“உங்களையா, கப்பலையா?”

அருளப்பன் தாடியைத் தடவினார். “இங்கேயே இருந்தால் நான் எப்போது நிபுணர் ஆவேன்? நீங்களே சொல்லுங்கள்.”

தையல்நாயகி வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போய் நாற்காலியில் சாய்ந்து படுத்தார். கழுத்தில் தாமே துணியைக் கட்டிக்கொண்டார்.

“வலப்பக்கம். மேல் கடைவாய்ப் பல்” என்றார்.

செயலாளர் கோதண்டம் பதறிவிட்டார். அம்மா, உங்களுக்குக் கண் போய்விட்டால் கல்லூரியை யார் நடத்துவது என்று கேட்டார். பாடம் நடத்த வாய் போதும் என்று சொல்லிவிட்டு அவர் அந்த வாயைத் திறந்தார்.

பேராசிரியர் சாளரத்தை விட்டு வந்தார். குனிந்து பார்த்தார்.

“இது நான் வேர் சிகிச்சை செய்த பல்லாயிற்றே.”

“ஆமாம் ஐயா. நான் அங்கே படித்தபோது.”

“இதற்கு இனி என்ன வேண்டும்?”

“வலிக்கிறது.”

“எக்ஸ்ரேயில் குறை ஒன்றும் இல்லை. வலி மனதில் இருக்கலாம் என்று அப்போதே சொன்னேன்.”

“சொன்னீர்கள். மனது இடப்பக்கமும் இருக்கிறது ஐயா. அங்கே வலிக்கவில்லை.”

பேராசிரியர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஆனால் தம் வேலையை இன்னொருவர் பிரித்துப் பார்ப்பதை எந்த மருத்துவரும், எந்தத் தையற்காரரும் விரும்புவதில்லை.

அருளப்பன் கை கழுவினார். கழுவிய கையையே மறுபடியும் கழுவினார்.

“கை நடுங்குகிறது, மேடம்.”

“நடுங்கட்டும். ஊசி போடும்போது மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.”

ஊசி போடும்போது கை நின்றது. ஈறு மரத்தது. பல்லைச் சுற்றி, வாயை மறைக்கும் ரப்பர் திரையை மாட்டினார். இனி குருவால் பேச முடியாது. சீடருக்கு அதுவரை இருந்த ஒரே பாடநூல் அத்தோடு மூடிக்கொண்டது.

பல்லின் மேலிருந்த உறையைக் கழற்றினார். உள்ளே அடைத்திருந்ததைச் சுரண்டி எடுத்தார். பல்லுக்குள் ஒரு சிறிய அறை உண்டு. அதன் தரையில் வேர்களுக்குள் இறங்கும் துளைகள் இருக்கும். மூன்று துளைகள் தெரிந்தன. மூன்றும் அடி வரை ஒழுங்காக அடைக்கப்பட்டிருந்தன. பேராசிரியரின் புத்தகத்தில் இருக்கும் படம் போலவே இருந்தன. ஏனென்றால் அந்தப் படம் இந்த மாதிரிப் பல்லைப் பார்த்து அவர் வரைந்ததுதான்.

“பார்த்தாயிற்றா?” என்றார் பேராசிரியர். “பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்துவிடுங்கள். சுத்தமாகச் செய்கிறீர்கள். தேர்ச்சிக்கு அது போதும்.”

கோதண்டம் பெருமூச்சு விட்டார். அருளப்பன் அசையவில்லை.

போதும் என்று பேராசிரியரே சொல்லிவிட்டார். அடைத்து மூடினால் பட்டம் உறுதி. இன்னும் தோண்டினால் பல்லின் தரை ஓட்டையாகிவிடலாம். ஓட்டையானால் குருவின் பல் போகும், தம் பட்டம் போகும், படிப்பே போகும். நாளைக் காலை நாடு முழுக்கக் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்.

அவர் குருவின் முகத்தைப் பார்த்தார். ஒரு கண்ணசைவு கிடைத்தால் போதும் என்று காத்திருந்தார். தையல்நாயகி இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.

அருளப்பனுக்குக் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலை நினைவுக்கு வந்தது. மாலைதோறும் அங்கே முறுக்கு போடுவார்கள். மேடம் முறுக்கைக் கடிப்பதற்கு முன் வாய்க்குள் இடப்பக்கம் தள்ளுவார். ஒருநாளும் தவறியதில்லை. பேச்சு எவ்வளவு சூடாக இருந்தாலும், எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும், முறுக்கு இடப்பக்கம்தான் போகும். வலி மனதில் இருந்தால் ஒரு நாளாவது மறந்திருக்க வேண்டும்.

“ஐயா, இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்” என்றார்.

“அங்கே வேறொன்றும் இல்லை, டாக்டர்.”

“இல்லை என்று பார்த்துவிடுகிறேன்.”

அவர் விளக்கைத் தாழ்த்தினார். பல் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். தரையைக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, மறுபடியும் கழுவினார். முன்பக்கத் துளையிலிருந்து அண்ணத்தின் பக்கமாக ஒரு கோடு ஓடியது. தலைமயிர் அளவுதான். முதல் பார்வைக்குக் கறை போலிருந்தது. கறையானால் கழுவினால் போக வேண்டும். போகவில்லை. அருளப்பன் அந்தக் கோட்டின் மேலேயே, அதை விட்டு விலகாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார்.

பிறகு இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்துக் கோட்டின் நுனியில் வைத்தார்.

ஊசி இறங்கியது.

தையல்நாயகியின் இடக்கை சடாரென்று உயர்ந்தது. மரத்துப்போன பல்லில், மரக்காத ஓர் இடம். இத்தனை வருடங்களாக ஒருவரும் நுழையாத குழாய் அது. ஊசியை வெளியே எடுத்தபோது நுனியில் பழைய சீழ் இருந்தது. நாற்றம் பேராசிரியர் வரைக்கும் போயிற்று. சான்று என்று வந்தால் அதைவிட நல்ல சான்று எந்த மொழியிலும் எழுத முடியாது.

அருளப்பன் இன்னொரு முறை மரத்துப்போகும் மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஐயா, நான்காவது ஒன்று இருக்கிறது.”

பேராசிரியர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுந்து, இருந்த இடத்தை மாற்றிக்கொண்டு, மறுபக்கத்திலிருந்தும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“என் புத்தகத்தில் அந்தப் படத்தை மாற்ற வேண்டும்” என்றார். பிறகு, “இன்னொரு முறை கோட்டைக் காட்டுங்கள். எங்கிருந்து தொடங்குகிறது?”

அருளப்பன் காட்டினார். பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, கிடைத்த தாளில் வரைந்துகொண்டார். கடல்தாண்டி வந்தவர், வெண்மணல் நாட்டில் உட்கார்ந்து, அந்நாட்டு மருத்துவரிடம் மேல்பல்லைப் பற்றிச் சந்தேகம் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அருளப்பன் வேலையை விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் மாணவர்கள் கூடிவிட்டார்கள். கதவிடுக்கில் நின்றிருந்த ஒருவன் நான்கு விரல்களைத் தூக்கிக் காட்டினான். எதற்கென்று புரியாதவர்களும் கை தட்டினார்கள். கோதண்டம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அரண்மனைக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை, கனத்த உடம்பு.

குழாய் சுத்தமாயிற்று. மருந்து வைத்தாயிற்று. பேராசிரியர் அருளப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிபுணர் என்று அழைத்தார். தம் நாட்டுக்கு வந்து ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்றும் கேட்டார்.

அருளப்பன் ரப்பர் திரையைக் கழற்றினார். தையல்நாயகி எழுந்து உட்கார்ந்து வாய் கொப்பளித்தார். கன்னத்தில் பாதி இன்னும் மரத்திருந்தது.

அருளப்பனுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அவர் நெருங்கி நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“நான்காவது குழாய் இருக்கிறதென்று உங்களுக்கு முன்பே தெரியும். என்னைச் சோதித்தீர்கள். அப்படித்தானே, மேடம்?”

தையல்நாயகி உதட்டோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் எதற்கு?” என்றார்.



மறுநாள் காலை கல்லூரித் தச்சர் வந்து, அந்த நாற்காலியில் கால் வைக்கும் பலகையை நாலு விரல் உயர்த்தினார். மகாராணி சற்றுக் குள்ளம்.