மருதமரத்தில் ஒரு தொட்டில்

பரிசல் அக்கரைக்குப் போயிருந்தது. திரும்பி வர வெயில் நன்றாக ஏறிவிடும்.

சென்னியப்பன் துறைக்கு இறங்கும்போதே அதைப் பார்த்துவிட்டான். கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. பவானி ஆறு அந்த இடத்தில் அகலம், குரல் பாதியிலேயே நனைந்துபோகும். தலையில் துணி மூட்டையோடு நின்றான். பக்கத்தில் அவன் விரலைப் பிடித்தபடி மகள் பாவாயி. வீட்டில் கிளம்பினதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

துறைக்கு மேலே மருதமரம். அதன் அடியில் கஞ்சிச் சாமியின் குடிசை. பரிசலுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றுவார், அதனால் வந்த பேர் அது. அவருக்குச் சென்னியப்பன் சீடன். சீடன் என்றால் தீட்சை, மந்திரம் என்று ஒன்றும் கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை வந்து விறகு பிளந்து போடுவான். மனசில் ஏதாவது குடைந்தால் கேட்பான். சாமி அவனைவிட வயசில் இளையவர். "சின்னப் பையன் கால்ல போயி விழறியே" என்று ஊரில் கேலி பேசுவார்கள். "கால்ல விழறதுக்கு மீசையவா பார்ப்பாங்க?" என்பான் இவன்.

சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு அமாவாசை இல்லியேப்பா?"

"இல்லீங்க சாமி. அக்கரைக்குப் போறனுங்க. அக்கா ஊட்டுக்கு."

"அம்மிணியுமா?"

"அவளை அங்க விட்டுட்டு வரத்தானுங்க போறேன்."

சாமி ரெண்டு கொட்டாங்குச்சியில் கஞ்சி ஊற்றினார். ஆளுக்கொரு சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டார். சென்னியப்பன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். பாவாயி கஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினான்.

"சாமி, ஒண்ணு கேக்கணுமுங்க. மனசுக்குள்ள பொறாமை பூந்துருச்சுன்னா, அதை எப்படிங்க வெளிய எடுக்கறது?"

"யாரு மனசுல?"

"பொதுவாத்தானுங்க கேக்கறேன்."

"பொதுவுக்கு என்ன வயசு?"

சென்னியப்பன் மகளை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"வர்ற ஆடிக்கு நாலு முடியுதுங்க."

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். மூணு முழத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்பதுபோல.

தை பிறந்ததும் அவனுக்கு மகன் பிறந்தான். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுசாய்ப் பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற அன்றைக்கு, மூத்தது கிட்டே வந்து தொட்டில் சேலையைத் தொட்டு, "இது தம்பிக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு உருண்டை வெல்லம். பாவாயியும் வந்தாள், தொட்டாள், மணி மாதிரி சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அம்மா மயிலாத்தா திருஷ்டி கழித்தாள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து பாவாயிக்குப் பாயில் படுக்கை.

"அதுக்கப்பறம் புடிச்சுதுங்க சாமி, சனி. தம்பியக் கிள்ளறா. பாயில ஒண்ணுக்குப் போறா. ஊட்டி விடாட்டி சாப்பிட மாட்டேங்கறா. சரி போகட்டும்னு இருந்தா, முந்தாநேத்து தொட்டிலை ரெண்டு கையில புடிச்சு இழுத்துக் கவுத்துட்டா. பையன் உருண்டு கீழ வந்துட்டான். நல்ல வேளையா அடியில பருத்தி குமிச்சு வெச்சிருந்துதுங்க. அதுல விழுந்தான். இல்லாட்டி?"

துணி மூட்டையை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டான்.

"அவ அம்மா கத்துன கத்துல தெருவே கூடிருச்சு. இவ முழிச்சுட்டு நின்னாளுங்க. அழுகைகூட இல்ல. அதுதானுங்க எனக்கு பயமாப் போச்சு."

"அடிச்சியா?"

"கை ஓங்கினனுங்க. அடிக்க மனசு வரல."

"உன்ற சம்சாரம் என்ன சொல்லுது?"

"அனுப்ப வேண்டாமுன்னு அழுகுது. ஆனா பையனைத் தனியா விட்டுட்டுத் தண்ணிக்குப் போகவும் பயப்படுது. நான் என்னதானுங்க பண்ணட்டும்? ஒரு வருசம் அக்காகிட்ட இருக்கட்டும். கொஞ்சம் புத்தி வந்ததும் கூட்டியாந்துக்கறேன்."

"ஒரு வருசம்," என்றார் சாமி. கஞ்சியில் உப்புப் பார்க்கிறவர் மாதிரி.

எழுந்து போய்ப் பாவாயிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, தம்பி எப்படி இருக்கான்?"

பாவாயி யோசித்தாள். வழியெல்லாம் பூட்டிக் கிடந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"மண்டை ஆடுது."

"ஓஹோ. பேசறானா?"

"பேச மாட்டான். நான் கேட்டேன். அப்பவும் பேசல."

"என்ன கேட்டே?"

"தொட்டில் குடுன்னு."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தான்.

"அது உன்ற தொட்டிலா?" என்றார் சாமி.

"ஆமா. நாந்தான் குடுத்தேன். அவனுக்குத் தூக்கம் வருதுன்னாங்க. குடுத்தேன். அவன் எந்திரிச்சுட்டான். அப்பவும் குடுக்கல. நாளைக்கும் குடுக்கல."

நேற்றையும் நாளையையும் இன்னும் பிரித்துப் பார்க்காத வயசு. எல்லாமே நாளைக்குத்தான்.

"அதான் இழுத்துட்டியா?"

"இழுக்கல. ஏறினேன். உள்ள இடம் இருந்துச்சு. அவன் அந்தப் பக்கம் உருண்டுட்டான்."

சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கஞ்சிக்குள் விரலால் முக்கினாள். அது மிதந்து மேலே வந்தது. மறுபடி முக்கினாள். அப்பன் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

சென்னியப்பனுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"ஏறினாளோ இழுத்தாளோ, பையன் விழுந்தது விழுந்ததுதானுங்களே சாமி? நாளைக்கு மறுபடியும் ஏறினா? எந்நேரமும் பருத்தி குமிஞ்சு கெடக்குமுங்களா?"

"ஆமாப்பா. கெடக்காது."

சாமி எழுந்தார். கொடியில் அவருடைய மாற்று வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவினார். குடிசைக்குள் போய்ப் பரிசல்காரன் போட்டுவைத்திருந்த பழைய கயிற்றை எடுத்து வந்தார். மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் கயிற்றை வீசி, வேட்டியின் ரெண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். முடிச்சைப் பிடித்துத் தானே ஒருதரம் தொங்கிப் பார்த்தார்.

"சாமி, என்னுங்க இது? இருக்கறதே ஒரு மாத்து வேட்டி."

"காயத்தானே போட்டிருந்தேன். இப்படியும் காயும்."

தொட்டில் காற்றில் லேசாக ஆடியது. பாவாயி கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கிட்டே போகவில்லை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வா அம்மிணி," என்றார் சாமி.

"நான் பெரியவ."

"யாரு சொன்னாங்க?"

"அம்மா. அப்பா. பக்கத்தூட்டு அத்தை. பால்காரரு." கொஞ்சம் நிறுத்தினாள். "பெரியவங்க தொட்டில்ல ஏறக்கூடாது."

அவள் பேசியது சாமியிடம். கண் மட்டும் அப்பன் முகத்தில் இருந்தது.

சென்னியப்பன் எட்டி நடந்து போய் அவளைத் தூக்கினான். தூக்கின பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மகளைத் தூக்கி எத்தனை நாள் ஆயிற்று? காலையில் கிளம்பி இம்புட்டுத் தூரம் வந்தார்களே, துணி மூட்டை அவன் தலைமேல் வந்தது. பிள்ளை மண்ணில் நடந்து வந்தாள். கால் ரெண்டும் முழங்கால் வரைக்கும் புழுதி. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. எப்போது இறக்கிவிடுவானோ என்று விறைப்பாக இருந்தாள்.

தொட்டிலில் கிடத்தினான். வேட்டி சின்னது, பிள்ளை நீளம். புழுதிக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சாமி தொட்டில் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார்.

தாலாட்டு பாடுவது மயிலாத்தா வேலை. இவனுக்கு ஒரு வரி தெரியாது. சும்மா ஆட்டவும் கூச்சமாக இருந்தது. ஏர் ஓட்டும்போது மாட்டுக்குக் கொடுக்கிற சத்தந்தான் வாயில் வந்தது.

"ஓ... ஓஓ... ஓ..."

வேட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் மாடா?"

"இல்ல கண்ணு."

"அப்ப ஏன் ஓட்டறே?"

"எனக்கு இதுதான் தெரியும்."

"சரி, ஓட்டு."

ஓட்டினான். கிளை க்ரீச் க்ரீச்சென்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குரல்.

"அப்பா, இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"தம்பி வந்து கேட்டா?"

சென்னியப்பன் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் ஆட்டினான்.

"அவந்தான் பேச மாட்டானே."

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. வெளியே நீட்டின கால் விரல்கள் கொஞ்ச நேரம் நெளிந்துகொண்டிருந்தன. பிறகு அடங்கிவிட்டன.

பரிசல் வந்து கரையில் தட்டியது. பரிசல்காரன் ரங்கன் துடுப்பை ஊன்றிக்கொண்டே சத்தம் போட்டான்.

"அக்கரைக்கு வர்றவங்க எல்லாம் வாங்கோ!"

சென்னியப்பன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். ரங்கன் மேலே ஏறி வந்தான். மரத்தையும் தொட்டிலையும் சென்னியப்பனையும் பார்த்தான்.

"என்னுங்கண்ணா, ஞானம் கேக்க வருவீங்க, விறகு பொளக்க வருவீங்க. இப்ப தொட்டில் ஆட்டவுமா?"

"மெதுவாப் பேசு."

"அக்கரைக்குத்தானே? ஏறுங்க. இதை விட்டா இனிப் பொழுது சாயத்தான்."

"இப்பத்தான் தூங்கினா. எழுப்பினா அழுவா."

"எத்தனை அழுகற புள்ளைகளை ஏத்தியிருக்கறேன்! நடு ஆத்துல தண்ணியப் பார்த்தா வாயை மூடிக்கும்ங்க. தூக்குங்க."

சென்னியப்பன் சாமியைப் பார்த்தான். அவர் கொட்டாங்குச்சிகளை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மூட்டை தரையில் கிடந்தது. அக்கா வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அவர்கள் துறையில் வந்து காத்திருப்பார்கள். கையைக் கயிற்றிலிருந்து எடுத்தால் போதும், பரிசல் ஏறிவிடலாம்.

கை எடுபடவில்லை.

"நீ போ ரங்கா," என்றான். "அங்க எங்கக்கா நின்னுட்டு இருக்கும். நாங்க வரலேன்னு சொல்லிரு."

"இன்னைக்கு வரலேன்னா?"

"வரலேன்னு சொல்லு, போதும்."

ரங்கன் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனான். அதற்குள் துறைக்கு வந்து சேர்ந்திருந்த கீரைக்கூடைக்காரிகள் ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு பரிசல் சுழன்று சுழன்று தள்ளிப் போனது. துறை அமைதியாகிவிட்டது.

"சாமி."

"சொல்லு."

"கூட்டிட்டுத் திரும்பிப் போறேன். போயி என்ன பண்ணட்டுமுங்க? எங்கூட்டுல ஒத்தை விட்டந்தான். ஒரு விட்டத்துல ரெண்டு தொட்டில் ஆடக்கூடாதுன்னு எங்க வழியில சொல்லுவாங்க."

"விட்டம் தாங்காதா?"

"தாங்காம என்னுங்க? வெதை நெல்லு மூட்டையே அதுலதானுங்க தொங்குது."

"அப்பறம்?"

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் இல்லை.

"நாலு வயசுப் புள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கறான்னு ஊர் சிரிக்குமுங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். சத்தமில்லாம சிரிக்கச் சொல்லு, புள்ளைக தூங்கும்."

வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கிப் பாவாயியின் கால்மேல் விழுந்தது. சாமி தோள் துண்டை நனைத்துக்கொண்டு வந்தார். வெளியே நீட்டியிருந்த கால்களில் புழுதியைத் துடைத்தார். பிள்ளை எழுந்துவிடாமல், ஒவ்வொரு விரலாக. சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எத்தனை நாளைக்குங்க சாமி இப்படி ஆட்டறது?"

சாமி துண்டைப் பிழிந்தார்.

"போன தடவை நீங்க எறக்கி விட்டீங்க. இந்தத் தடவை அவளா எறங்கட்டும்."