ஆள்காட்டியின் சிவந்த கண்ணோரம்

பறவையும் பாம்பும் மனிதரோடு பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவிக்கு அந்தப் பெயர் கிடையாது. அதன் முழுக் குரலை யாரும் கேட்டதே இல்லை. வெறுந்தரையில் முட்டையிடும் இனம் அது. சத்தம் போட்டால் முட்டை இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் குசுகுசுப்புக்கு மேல் பேசக் கூடாது என்பது அவற்றின் சட்டம்.

வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும் என்று, சுடலைவடிவு இருட்டிலேயே தனியாக உப்பளத்துக்கு வருவாள். வீட்டில் கைப்பிள்ளை தூங்கும். வரப்பில் ஒரு குருவி அடைகாத்துக் கிடந்தது. அது பயந்துவிடக் கூடாதே என்று, கையில் தடி இருந்தும் தட்டாமல், பூப்போல அடிவைத்து நடப்பாள்.

“என்ன தாயி, உன் புருசன் காவலா, குறட்டையா?”

“இவனா? விடிஞ்சா நாந்தான் எழுப்பணும்” என்று குருவி குசுகுசுக்கும்.

ஓர் அமாவாசை இரவு. பாத்தி நீரெங்கும் நட்சத்திரங்கள். வானத்தின் நடுவே நடந்து வருகிறவள்போல வடிவு வந்துகொண்டிருந்தாள். வரப்பின் குறுக்கே விரியன் ஒன்று சுருண்டு கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. குருவிகளுக்குத் தெரிந்தது.

“ஏட்டி, வாயைத் திறக்காத” என்றது ஆண். “பாம்பு இங்கன திரும்பிச்சுன்னா நம்ம பிள்ளைக போச்சு.”

“அவளுக்கும் பிள்ளை இருக்கே.”

“அது அவ பாடு.”

வடிவு அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினாள்.

பெண்குருவி முட்டையை விட்டு எழும்பிக் கத்தியது. உலகம் அதுவரை கேளாத குரல். உப்பளம் முழுவதும் அதிர்ந்தது. நீரிலிருந்த நட்சத்திரங்கள் நடுங்கின. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. விரியன் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தது, குருவியைப் பார்த்தது. பிறகு முட்டைப் பக்கம் ஊர்ந்தது. வடிவு தடியால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தாள். பாம்பு விலகிப் போனபோது ஒரே ஒரு முட்டைதான் மிஞ்சியிருந்தது.

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “தட்டிட்டு வந்திருந்தா அதுவே ஒதுங்கியிருக்கும் தாயி. உன் தூக்கம் கெடுமேன்னு பாத்தேன்.”

“இனிமே தட்டிட்டு வா” என்றது குருவி. “என் தூக்கம் போகட்டும்.”

அழுதழுது அதன் கண்ணோரம் சிவந்திருந்தது.

இருட்டில் தனியே போகிறவர்கள் தடியால் தரையைத் தட்டிக்கொண்டு நடப்பதும், வெட்டவெளியில் நம் தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டே கூட வருவதும், அதற்கு அந்தப் பெயர் வந்ததும் அன்று தொட்டுத்தான். அந்தச் சிவப்பு இன்னும் ஆறவில்லை.