அவையில் நான்கு வீரபத்திரர்கள்

வெகு காலத்துக்கு முன்னாலே கொற்றங்குடி என்ற கடலோர நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டான். காலையில் பல்லக்குக் கொடுப்பான், மாலையில் பிடுங்கிக்கொள்வான், அப்படியொரு மனசு. இங்கிலீஷ்காரக் கப்பல் தலைவனின் கடிதங்களை அவனுக்குத் தமிழில் படித்துச் சொன்னவள் துபாஷி அருளாயி. தோளில் மூன்று மாதக் குழந்தையோடுதான் அவைக்கு வருவாள். அந்த வேலை தன் மைத்துனனுக்குக் கிடைக்கவில்லையே என்று அவைப் பண்டிதருக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் அவர் எழுந்து பிராது வைத்தார். கடிதத்தில் குதிரையைப் பற்றி வந்தபோது ‘மவுத்’ என்றால் வாய் என்றாளாம். இன்றைக்கு ஆறு கடலில் சேரும் இடம் என்கிறாளாம். நாயைப் பற்றி வந்தபோது ‘பார்க்’ என்றால் குரைப்பு, இன்றைக்கு மரப்பட்டையாம்.

“இஷ்டத்துக்கு அளக்கிறாள், மகாராஜா.”

ராஜாவுக்குக் கோபம் ஏறியது. பொழுது சாய்வதற்குள் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையோடு எல்லை தாண்ட வேண்டும் என்றான். வெளியே அடைமழை. அருளாயி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“மகாராஜா, ‘வீரபத்திரா’ என்று ஒருதரம் கூப்பிடுங்கள்.”

கூப்பிட்டான். மூன்று பேர் வந்து நின்றார்கள்: கிழட்டு வாயிற்காவலர், ஈட்டி பிடிக்கும் இளைஞன், யானைப் பாகன். பண்டிதர் பெயரும் அதுவேதான். ஆனால் வெறும் பெயருக்கு அவர் எழுந்திருப்பாரா?

ராஜா விசாரித்தான். இளைஞன் காவலரின் பேரன். வழக்கப்படி தாத்தா பெயரை இட்டிருந்தார்கள். பாகனோ வேறு சீமை, ஒட்டுமில்லை உறவுமில்லை.

“மவுத் இந்தத் தாத்தாவும் பேரனும் மாதிரி, மகாராஜா. மனுஷன் வாயின் பெயரைத்தான் ஆற்றின் வாய்க்கும் இட்டார்கள். பார்க், காவலரும் பாகனும் மாதிரி. வேறு வேறு வீட்டில் பிறந்து ஒரே பெயரோடு வந்து நிற்கின்றன.”

“எவன் எவன் என்று எப்படித் தெரியும்?”

“வேலையைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.”

“வீரபத்திரா, யானைக்குத் தீனி வை.”

பாகன் மட்டும் நகர்ந்தான். மற்றவர்கள் அசையவில்லை. தினமும் வாயில் புரளும் சொற்களுக்குள் இத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றனவா என்று ராஜா பிரமித்துப்போனான். தன் சால்வையை எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தினான். “இனி கடிதமெல்லாம் நீதான் படிக்க வேண்டும், அம்மா,” என்றான்.

பிறகு யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்:

“வீரபத்திரா, இந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேள்.”

காவலர் அசையவில்லை. பேரனும் அசையவில்லை. பண்டிதர் எழுந்து நின்றார்.